வெள்ளரிக்காய் எந்தப் பக்கம்

எதைப் பார்த்தாலும் அவர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

"அடுப்பு ஏறுமா?"

ஏறும் என்றால் காய். ஏறாது என்றால் பழம். மனுஷன் தின்கிற எந்தப் பண்டத்துக்கும் மூன்றாவது பக்கம் கிடையாது என்பது அவர் கட்சி. கீரை, கிழங்கு எல்லாம் காய்க் கணக்கு. கரும்பு பழம். தேங்காயைப் பற்றி ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, குழம்புக்கு அரைத்து ஊற்றுவதால் காய் என்று முடிவு செய்தார். இளநீரைப் பிரித்தெடுத்துப் பழத்தில் சேர்த்தார். எலுமிச்சையை மட்டும் அவரால் எந்தப் பக்கமும் தள்ள முடியவில்லை. நாலு நாள் அது அவரைப் பாடாய்ப் படுத்தியது. கடைசியில் "அது மருந்து" என்று சொல்லிக் கழற்றிவிட்டார்.

எங்கள் பக்கத்துக்கு யுத்த காலத்தில் மாற்றலாகி வந்த சுகாதார இன்ஸ்பெக்டர் அவர். ராசிபுரத்துக்கும் நாமகிரிப்பேட்டைக்கும் அந்தண்டை, கொல்லிமலை அடிவாரம் வரைக்கும் எட்டு ஊர் அவர் பொறுப்பு. நான் அவருக்குக் கீழே அம்மை குத்துகிற வேலையில் இருந்தேன். காலரா வந்துவிட்டால் அதற்கும் ஊசி நான்தான் போட வேண்டும். ஊர்க்காரர்களுக்கு நான் ஊசிக்காரய்யா, அவர் பவுடரய்யா. கிணறு கிணறாகப் போய் வெள்ளைப் பவுடர் கொட்டியதால் வந்த பேர். அவருடைய சொந்தப் பேரை எழுதப் போவதில்லை. அந்தச் சந்தையின் பேரையும் சொல்லப் போவதில்லை, அது இன்னும் வாராவாரம் கூடுகிறது.

ஆள் ஒல்லி. காக்கி அரைக்கால்சட்டை, சோளாத் தொப்பி, சைக்கிள். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். சம்சாரத்தையும் இரண்டு பெண்களையும் ஊரிலேயே விட்டுவிட்டு வந்து, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒற்றை அறையில் தானே பொங்கித் தின்றார். வேகாத பொருள் எதுவும் அவர் வாயில் போகாது. தண்ணீரைக் கூடக் காய்ச்சித்தான் குடிப்பார். வாழைப்பழத்தை ஊதா மருந்தில் கழுவிவிட்டு உரிப்பார்.

"தோலைத்தான் வீசப் போறீங்களே, அதைக் கழுவறது எதுக்குங்க?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"உரிக்கிற விரல் எதைத் தொட்டுது? அதே விரல்தானே உள்ளே இருக்கறதையும் தொடுது?" என்றார். அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சோறே இறங்கவில்லை.

நேர்மையான மனுஷன். அதைச் சொல்லாவிட்டால் எனக்கு அடுக்காது. ஒரு ஊர் மணியக்காரர் வாழைத்தார் ஒன்று அனுப்பி வைத்தார். அதைத் தூக்கிக்கொண்டு வந்தவனோடு அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். காலரா கண்ட வீட்டில் ஒரு பெரியவர் செத்துக் கிடந்தார். சொந்தபந்தம் எல்லாம் தெருக்கோடியில் நின்றுகொண்டு உள்ளே வர மறுத்தது. இவர் தொப்பியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார், நான் வெட்கப்பட்டுக்கொண்டு பின்னாலேயே போனேன். இரண்டு பேருமாகத்தான் தூக்கினோம். பவுடர் போட்ட தண்ணீரைக் குடிக்கச் சனங்கள் பயந்தபோது, காய்ச்சாத தண்ணீரை அன்றைக்கு ஒரு நாள்தான் அவர் குடித்து நான் பார்த்தேன். எல்லோர் முன்னாலும் ஒரு சொம்பு நிறைய, மூக்கைச் சுளிக்காமல்.

அந்தக் கோடையில் வாந்திபேதி நாலு ஊரில் ஒரே சமயத்தில் கிளம்பியது. ஜில்லா ஆபீஸிலிருந்து உத்தரவு வந்தது. வியாதி தீரும் வரை சந்தைகளில் பழ வகை எதுவும் விற்கக் கூடாது, காய்கறிக்குத் தடை இல்லை. அவ்வளவுதான் உத்தரவு. எது பழம், எது காய் என்று ஒரு வரி கூட இல்லை. இன்னொருவராக இருந்தால் தலையைச் சொறிந்திருப்பார். இவருக்குத் தலைதீபாவளி மாதிரி ஆகிவிட்டது.

முதல் சந்தையில் அவரோடு போனதை நினைத்தால் இப்போதும் ஒரு சிரிப்பு வந்து பாதியில் நின்றுவிடும். மாம்பழம், பப்பாளி, நுங்கு எல்லாவற்றையும் குழியில் கொட்டி மிதிக்கச் சொன்னார். ஒரு வாழைச் சீப்பில் பாதி காயும் பாதி பழமுமாக இருந்ததா, சீப்பை இரண்டாக உடைத்துப் பழுத்த பாதியைக் குழியிலும் பச்சைப் பாதியை விற்றவன் மடியிலும் போட்டார். பழுத்த அரசாணிப் பூசணிக்காயைப் பார்த்து ஒருத்தன், "இதும் பழந்தானுங்க, நல்லாப் பழுத்துப்போச்சு" என்று வேண்டுமென்றே சீண்டினான். இவர் கோபப்படவில்லை. "அடுப்பு ஏறுமா?" என்றார். "ஏறுமுங்க." "அப்ப வச்சு வித்துக்கோ."

குழியில் போனதில் பாதிப் பப்பாளி ஒரே பெண்பிள்ளையுடையது. ஓடையோரத்தில் கொஞ்சம் பூமியைக் குத்தகைக்குப் பிடித்து வெள்ளாமை செய்கிறவள். புருஷன் இல்லை. எட்டு வயதில் ஒரு பெண் மட்டும். அவள் அழவும் இல்லை, சண்டைக்கும் வரவில்லை. கூடையைத் தட்டிக் கவிழ்த்து, ஒட்டியிருந்த விதையைக் கையால் வழித்து எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த வாரம் வரும்போது இரண்டு கூடை நிறைய வெள்ளரிப்பிஞ்சு கொண்டுவந்தாள். ஈரச் சாக்குப் போட்டு மூடி, கூட ஒரு தேங்காய்த்தொட்டியில் உப்பும் மிளகாய்ப்பொடியும்.

அன்றைக்குத்தான் அவர் பட்டியல் எழுதி ஒட்டுவதென்று ஆரம்பித்தார். ஒவ்வொருத்தருக்கும் வாயால் சொல்லி மாளவில்லை. பெரிய தாளில் நடுவே கோடு, இடது பக்கம் பழம், வலது பக்கம் காய். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். பெஞ்சில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே வந்தவர் வெள்ளரிக்கு வந்ததும் பேனாவை நிறுத்தினார். அந்தப் பெண்பிள்ளை எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

"இது எங்க வீட்டிலே கூட்டு," என்றார் அவர், தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி. "பாசிப்பருப்பு போட்டு வைப்பாங்க. தேங்காய் அரைச்சு ஊத்தி." முகத்தில் ஒரு இளக்கம் வந்தது. பாவம், ஊர் ஞாபகம் வந்திருக்கும். வலது பக்கம் வெள்ளரிக்காய் என்று எழுதினார்.

எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் வெள்ளரிக்காயை யாரும் அடுப்பில் வைக்கமாட்டார்கள். ஓடைத் தண்ணீரில் அலசி, நாலாகக் கீறி, உப்பும் பொடியும் தடவி அப்படியே கடிப்பதுதான் வழக்கம். ஓடையில் அந்த வாரம் வாந்திபேதி கண்ட எந்தெந்த வீட்டுத் துணி துவைத்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும். சொல்ல வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். போன வாரம் கவிழ்ந்த கூடை கண்ணுக்கு முன்னால் வந்தது. இரண்டு கூடைப் பிஞ்சுதானே, விற்றுவிட்டுப் போகட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தேன். அந்த நினைப்பை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பட்டியலைப் புளியமரத்தில் ஒட்டியது நான்தான். அவள் பக்கத்தில் வந்து, "ஏனுங்க ஊசிக்காரய்யா, என்ற காய் இதுல எங்கீங்க இருக்குது?" என்று கேட்டாள். வலது பக்கம், அடியிலிருந்து மூன்றாவது வரியில் விரலை வைத்துக் காட்டினேன். அவள் அந்த இடத்தைத் தானும் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுக் கூடைக்குத் திரும்பினாள். பழம் எதுவும் இல்லாத சந்தை, கொளுத்துகிற வெயில். மத்தியானத்துக்குள் இரண்டு கூடையும் கிட்டத்தட்டத் தீர்ந்துவிட்டது.

மூன்றாம் நாள் சாவு விழ ஆரம்பித்தது. ஓடைக்கு மேற்கே இருந்த ஒரே ஊரில் ஒன்பது பேர். நாங்கள் வீடு வீடாகப் போனோம். அவர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, என்ன தின்றார்கள் என்று கேட்பார். எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான்.

"பழத்தைத் தொடவே இல்லீங்க சாமி. நீங்க சொன்னாப்பலயேதான் இருந்தோம்."

"ஒரு வாழப்பழங்கூட ஊட்டுக்குள்ள வரலீங்க. மாரியாத்தா மேல சத்தியமுங்க."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. சனங்கள் பொய் சொல்கிறார்கள் என்று முதல் மூன்று வீட்டில் கத்தினார். நாலாவது வீட்டில் ஒரு கிழவர் கயிற்றுக்கட்டிலில் கிடந்தார். மகனை அன்று காலையில்தான் புதைத்துவிட்டு வந்திருந்தார்கள். சுவரில் இருந்த மாடத்தில் பாதி கடித்த வெள்ளரிப்பிஞ்சு காய்ந்து கிடந்தது. கீறின இடத்தில் மிளகாய்ப்பொடி ஒட்டியிருந்தது. இவர் அதை எடுத்துப் பார்த்தார்.

"இதை ஏன் வேக வைக்கலே?"

கிழவர் அந்தத் துக்கத்திலும் அவரை ஒரு மாதிரி பார்த்தார். "வெள்ளரிக்காய ஆருங்க சாமி வேக வெப்பாங்க?"

இன்ஸ்பெக்டர் வெளியே வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏறவில்லை. அன்றைக்கு மிச்சமிருந்த வீடுகளுக்கெல்லாம் நடந்தேதான் போனோம். கடைசி வீடு அந்தப் பெண்பிள்ளையுடையது. விற்றது போகக் கூடை அடியில் நின்ற நாலு பிஞ்சை அவள் மகளுக்குக் கொடுத்திருந்தாள். நாங்கள் போனபோது குழந்தையின் பாவாடையைத் தனியாகக் கொளுத்திக்கொண்டிருந்தாள். அவர் அங்கே நோட்டைத் திறக்கவே இல்லை.

ஊர்க்காரர்கள் சேர்ந்து மேலே எழுதிப் போட்டார்கள். பழத்தைத் தடுத்த பிறகும் ஒன்பது சாவு எப்படி என்று விசாரிக்க ஜில்லாவிலிருந்து பெரிய அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. வருவதற்கு முதல் நாள் மத்தியானம் இவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். மேசை மேல் புளியமரத்திலிருந்து உரித்துக்கொண்டு வந்த பட்டியல் கிடந்தது. பக்கத்தில் புதுத் தாள். பழையதைப் பார்த்துப் பார்த்து வரி பிசகாமல் எழுதிக்கொண்டிருந்தார். அதே கோடு, அதே தேதி. வெள்ளரிக்காய் மட்டும் இடது பக்கம் போயிருந்தது. அது இருந்த இடம் வெறுமையாகிவிடக் கூடாது என்று சுரைக்காயை அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்.

"ஏனுங்க, அன்னைக்கு நாம காய்ப் பக்கம்தானுங்களே எழுதுனோம்?"

"அடுப்பு ஏறுமா? நீயே சொல்லு. உங்க ஊர்லே ஏறுமா?"

"ஏறாதுங்க."

"அப்ப அது பழம். தப்பா எழுதிட்டேன், திருத்தறேன்."

"தேதி பழசுங்களே."

அவர் பேனாவை மூடினார். "என்னை சஸ்பெண்ட் பண்ணிட்டா நாளைக்குக் கிணத்துலே யார் பவுடர் போடறது? எட்டு ஊரையும் நீ பார்த்துக்கறியா? சொல்லு, இப்பவே உண்மையை எழுதிக் கொடுத்துட்டுப் போயிடறேன்." பிறகு குரலை உயர்த்தாமல் கேட்டார். "இங்கே யாரும் வேக வைக்கமாட்டாங்கன்னு உனக்கு அன்னிக்கே தெரியும், இல்லையா?"

பசைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டேன். நான் கிளம்பும்போது அவர் பழைய பட்டியலைச் சுருட்டி அடுப்பில் வைத்தார்.

மறுநாள் காலையில் புளியமரத்தடியில் விசாரணை. அதிகாரி நாற்காலியில், நாங்கள் இரண்டு பக்கமும், ஊர் முழுக்கச் சுற்றி. அந்தப் பெண்பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தலை வாரவில்லை. தடை செய்த பண்டத்தை ஏன் விற்றாய் என்று அதிகாரி கேட்டார்.

"தடுக்கலீங்க சாமி. அது காய்ன்னு எழுதி ஒட்டியிருக்குதுங்க."

"உனக்குப் படிக்கத் தெரியுமா?"

"தெரியாதுங்க. ஆனா எடந் தெரியுமுங்க. ஊசிக்காரய்யா வெரல் வெச்சுக் காட்டுனாருங்க."

நேரே மரத்துக்குப் போனாள். ஒரு நிமிஷம் கூடத் தடுமாறவில்லை. வலது பக்கம், அடியிலிருந்து மூன்றாவது வரியில் விரலை வைத்தாள். "இங்கீங்க."

அதிகாரி எழுந்து போய்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "சுரைக்காய்னு இருக்கு."

அவள் விரலை எடுக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஏனுங்க, நீங்க சொல்லுங்க."

அந்த மரத்தடியில் எத்தனை பேர் இருந்தார்களோ அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் மட்டும் பார்க்கவில்லை.

"மொதல்ல இருந்தே பழப் பக்கம்தாங்க," என்றேன்.

அதிகாரி அதை எழுதிக்கொண்டார். நான் கீழே கையெழுத்துப் போட்டேன். மை காய ஊதிக்கூடக் கொடுத்தேன். அவள் விரலை மெதுவாக எடுத்துவிட்டு இன்ஸ்பெக்டரிடம் போய் நின்றாள்.

"சாமி, அப்ப அது காய் இல்லீங்களா?"

"பழம்," என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

அவள் தலையை ஆட்டினாள். அவர் சொன்னதை அப்படியே நம்பிவிட்டாள். "அது தெரிஞ்சிருந்தா என்ற புள்ளைக்குக் குடுத்திருக்கமாட்டனுங்க," என்றாள்.

உத்தரவை மீறியதற்காக ஒரு மாசம் உள்ளே வைத்தார்கள். திரும்பி வந்தபோது குத்தகைப் பூமி கை மாறியிருந்தது. ஊர்க் கிணற்றில் அவள் குடத்தை யாரும் இறக்கவிடவில்லை. ஒன்பது உயிரைத் தின்றவள் என்று பேராகிவிட்டது. அந்த ஒன்பதில் ஒன்று அவள் பெற்றது என்பதை யாரும் கணக்கில் வைக்கவில்லை. குமாரபாளையத்தில் தறிக்காரர்கள் வீட்டில் நூல் சுற்றப் போனதாகச் சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை.

அவர் அதற்குப் பிறகு இரண்டு மாசம் பேய் மாதிரி வேலை செய்தார். எட்டு ஊரிலும் ஒரு கிணறு பாக்கியில்லை. வியாதி அடங்கிவிட்டது. அவரை அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பியிருந்தால் இன்னும் எத்தனை பேர் போயிருப்பார்களோ, தெரியாது. இதை அவருக்காகச் சொல்லவில்லை, என் மனசுக்காகச் சொல்லிக்கொள்கிறேன். சொல்லியும் ஆறவில்லை. ஒன்று மட்டும் கவனித்தேன். "அடுப்பு ஏறுமா?" என்று அவர் பிறகு யாரையும் கேட்டதில்லை. அடுத்த வருஷம் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

யுத்தம் முடிந்து இரண்டு மூன்று வருஷம் கழித்து, ஒரு கல்யாணத்துக்காகக் கும்பகோணம் பக்கம் போனேன். அவர் ஓய்வு பெற்று அங்கேதான் இருந்தார். விலாசம் விசாரித்துக்கொண்டு போனேன். எதற்காகப் போனேன் என்று இப்போது கேட்டாலும் சொல்லத் தெரியாது. முடி முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தார். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடித்து வைத்துக்கொண்டார். மழை, நெல், பெண்களின் கல்யாணம் என்று என்னென்னவோ பேசினோம். எங்கள் ஊரைப் பற்றி மட்டும் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டு பேருக்கும் பக்கத்தில் பக்கத்தில் இலை போட்டார்கள். அவருடைய சம்சாரம் ஒவ்வொன்றாகப் பரிமாறிக்கொண்டு வந்தார். "சேலம் பக்கத்துலேர்ந்து திரும்பி வந்தப்புறம் இவர் வீட்டுலே வெள்ளரிக்காய்க் கூட்டே வைக்க விடறதில்லை. நீங்க வந்திருக்கீங்களேன்னு இன்னிக்கு வச்சுட்டேன்," என்று சொல்லிக்கொண்டே, அவர் கையை நீட்டித் தடுப்பதற்குள் இரண்டு இலையிலும் ஒரு கரண்டி போட்டுவிட்டு உள்ளே போனார்.

பாசிப்பருப்பும் தேங்காயும் போட்ட கூட்டு. பொரியலுக்குப் பக்கத்தில், மேல் வரிசையில் இருந்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரலால் ஓரம் கட்டி, வழியில் சோற்றில் படாமல், இலையின் கீழ்ப்பக்கம் இடது மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனார். அங்கே வாழைப்பழம் இருந்தது. அதை ஒட்டினாற்போல் கூட்டை வைத்தார். இலையில் ஈரமாக ஒரு கோடு விழுந்திருந்தது.

"அங்கேதானே இருந்தது?" என்றார் என்னைப் பார்த்து. "நீதான் ஒட்டினே."

உள்ளேயிருந்து மோர்ச் சொம்பை எடுக்கிற சத்தம் கேட்டது.

"ஆமாங்க," என்றேன். "மொதல்ல இருந்தே அங்கதாங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டுச் சோற்றைப் பிசைய ஆரம்பித்தார். நான் என் இலையில் இருந்த கூட்டைச் சாப்பிட்டேன். நன்றாக வெந்திருந்தது.